முதல் விசிலுக்கு முன்: கடற்கரைக் கபடிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

எஸ்.பி. பட்டினம், தொண்டி தொடங்கி மூக்கையூர் வரை கடலோர ஊர்களில் கபடிப் போட்டி நடத்தும் குழுக்களின் தலைவர்கள், பொருளாளர்கள், விழாக் கமிட்டிப் பெரியவர்கள், அண்ணன்மார், காக்காமார், தம்பிகள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் தங்கச்சிமடத்துக்காரன். பகலில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆட்டத்தை விட்ட பிறகு, பதினோரு வருடமாக உங்கள் களங்களில் விசிலோடு நிற்கிறேன். உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். என்னைத் திட்டியவர்களும் உண்டு, விடிய விடிய நின்றவன் பசியோடு போகக் கூடாது என்று வீட்டுக்குக் கூட்டிப்போய் மீன் குழம்பும் சோறும் போட்டவர்களும் உண்டு. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

சித்திரை நெருங்குகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், பையன்களுக்குக் கடல் வேலை இருக்காது, ஊருக்கு ஊர் மின்னொளிக் கபடிப் போட்டி நோட்டீஸ் ஒட்டுவோம். அந்த நோட்டீஸ் அச்சகத்துக்குப் போகும் முன்பே இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

போன வருடத்து நோட்டீஸ் ஒன்று இப்போது என் மேசை மேல் இருக்கிறது. முதல் பரிசு வழங்குபவர் பெயர், படத்தோடு. இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு, நான்காம் பரிசு, அவரவர் படத்தோடு. கோப்பை உபயம், ஒலி ஒளி உபயம், குடிநீர் உபயம், வீரர்களுக்கு இரவுச் சாப்பாடு உபயம். களத்துக்கு ஒரு லோடு செம்மண் அடித்துக் கொடுத்தவர் பெயர்கூட விடுபடவில்லை. கடைசியில் பொடி எழுத்தில் விதிமுறைகள். அதில் ஏழாவது வரி: ‘நடுவரின் தீர்ப்பே இறுதியானது.’ அந்த முழு நோட்டீஸில் நடுவரைப் பற்றி இருப்பது அந்த ஒரே வரிதான். அவரை அழைத்தது யார், அவருக்குக் காசு கொடுப்பது யார், எவ்வளவு, எப்போது, ஒன்றும் இல்லை. தீர்ப்பு இறுதியானது என்று அச்சடித்துவிட்டு, தீர்ப்புச் சொல்கிறவரை எப்படிக் கொண்டுவருகிறோம் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

நடப்பது என்னவென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு போன் வரும். “அண்ணே, சனிக்கிழமை நம்ம ஊர்ல மேட்ச்சு. வந்துருங்க. பாத்துக்கிருவோம்.” அந்தப் ‘பாத்துக்கிருவோம்’ என்பதற்கு 300 ரூபாய் என்றும் அர்த்தம் உண்டு, 1,000 ரூபாய் என்றும் உண்டு, ஒரு பொன்னாடையும் ஒரு கும்பிடும் என்றும் உண்டு. என் வீட்டுப் பீரோவில் பொன்னாடைகள் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. மரியாதையோடு போர்த்தியவை, மரியாதையோடுதான் வைத்திருக்கிறேன். ஆனால் ராமேஸ்வரம் தீவிலிருந்து தொண்டிப் பக்கம் போய்வர, போக ஒரு நூறு கிலோமீட்டர், வர ஒரு நூறு. பெட்ரோல் காசை யாராவது கொடுத்தாக வேண்டும்.

காசு குறைவு என்று புலம்புவதற்காக நான் இதை எழுதவில்லை. எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதை விட, யார் கையிலிருந்து, எந்த நேரத்தில் கொடுக்கிறீர்கள் என்பதுதான் என் கவலை. அதற்கு ஒரு ராத்திரியைச் சொல்ல வேண்டும்.

வைகாசி மாதம். கச்சான் காற்று தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. எந்த ஊர் என்பது வேண்டாம். 32 அணி, தோற்றால் வெளியே என்ற முறையில் 31 ஆட்டம். பாதிக்குப் பத்து நிமிடமாகச் சுருக்கினாலும், இடைவேளை, அணி மாறுவது எல்லாம் சேர்த்து ஒரு ஆட்டத்துக்கு 25 நிமிடம் ஆகிவிடும். இரவு ஏழு மணிக்கு ஆரம்பித்தால் காலை எட்டு மணி. விதிப்புத்தகப்படி ஒரு கபடி ஆட்டத்துக்கு ஒரு ரெஃப்ரி, இரண்டு அம்பயர், ஒரு ஸ்கோரர், இரண்டு உதவி ஸ்கோரர், ஆக ஆறு பேர் வேண்டும். நாங்கள் மூன்று பேர். ஸ்கோர் எழுத அந்த ஊர்க் கல்லூரிப் பையன் ஒருவன்.

காற்றில் சுண்ணாம்புக் கோடு நிற்கவில்லை. நள்ளிரவு வரை நான்கு முறை போட்டோம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன், பாடிப் போகிறவன் தாண்டியே ஆக வேண்டிய கோடு. அதற்கு அப்பால் ஒரு மீட்டரில் போனஸ் கோடு, அதைத் தாண்டிக் கால் வைத்தால் கூடுதலாக ஒரு புள்ளி. அந்தப் போனஸ் கோடுதான் எங்கள் உயிரை எடுக்கும். பிடிக்க நிற்கிறவர்களின் கால் எல்லாம் அங்கேதான் புரளும், கோடு மண்ணோடு மண்ணாகிவிடும். நான் சாயங்காலமே ஒரு வேலை செய்து வைத்திருந்தேன். போனஸ் கோட்டின் இரண்டு முனைக்கும் நேராக, பக்கக் கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி முனைக்கொரு பனை ஈர்க்கு குத்தியிருந்தேன். கோடு அழிந்தாலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு ஈர்க்கையும் கண்ணால் சேர்த்தால் கோடு எங்கே என்று தெரிந்துவிடும்.

இரண்டாம் சுற்று, இரண்டரை மணி. போட்டி நடத்தும் ஊரின் அணி ஒரு பக்கம், அடுத்த பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்த அணி மறுபக்கம். புள்ளி சமம். கடைசிப் பாட்டு, அதாவது கடைசி ரெய்டு, உள்ளூர்ப் பையனுடையது. எதிரே ஆறு பேர், அதனால் போனஸ் உண்டு. அவன் இடது மூலைக்குப் போனான், வலது காலை நீட்டினான், கட்டை விரல் மண்ணைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது, பின்கால் தரையை விட்டு எழுந்தது. நான் ஈர்க்கு மட்டத்தில் கண்ணை வைத்திருந்தேன். விரல் நாலு அங்குலம் உள்ளே. கை தூக்கினேன். போனஸ். ஒரு புள்ளியில் உள்ளூர் ஜெயித்தது.

அது சரியான தீர்ப்பு. இன்றைக்கும் கையை எங்கே வைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன். ஆனால் வெளியூர் அணியின் கேப்டன் என் முன்னால் வந்து நின்று, சத்தம்கூடப் போடாமல் கேட்டான். “சாயங்காலம் அந்தக் கமிட்டிக்காரரு உங்க பையில கவரு வச்சாரே, அது என்ன?”

கவர் வைத்தது உண்மை. 500 ரூபாய், பெட்ரோலுக்கு. வைக்கும்போது பொருளாளர் சொன்னதும் உண்மை: “நம்ம பயலுகளையும் கொஞ்சம் பாத்துக்கங்கண்ணே.” அவர் கெட்டவர் இல்லை. வாய்ப்பழக்கத்தில் சொன்னார், பாசத்தில் சொன்னார். ஆனால் அந்தக் கேப்டனுக்கு நான் என்ன பதில் சொல்வது? ஈர்க்கைக் காட்டினேன். மண்ணில் விரல் கிழித்த தடத்தைக் காட்டினேன், அதற்குள் காற்று அதையும் பாதி மூடியிருந்தது. அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். விடிந்து பாம்பன் பாலத்தில் வண்டியை ஓட்டி வந்தபோது காற்று வண்டியைத் தடுப்புச் சுவர் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தது. அந்தக் கவர் சட்டைப் பைக்குள் இருப்பது நெஞ்சில் கல் வைத்த மாதிரி இருந்தது.

இதற்கு நேர் எதிரானதும் நடந்திருக்கிறது. இன்னொரு ஊர், இறுதி ஆட்டம், உள்ளூர் அணிக்கு எதிராக ஒரு தீர்ப்பு. பரிசளிப்பு முடிந்து பார்த்தால் பொருளாளரைக் காணவில்லை. மறுநாள் போன் எடுக்கவில்லை. மூன்று பேருக்கும் அந்த ராத்திரிக்கு இன்றுவரை ஒரு ரூபாய் வரவில்லை. என்னுடன் வந்த தம்பி அன்றைக்கு வாடகை வண்டியில் வந்தவன்.

உள்ளூர் ஜெயித்தால் நடுவர் காசு வாங்கியவன், உள்ளூர் தோற்றால் நடுவருக்குக் காசு கிடையாது. நீங்கள் யாரும் உட்கார்ந்து யோசித்து இப்படி ஏற்பாடு செய்யவில்லை. நடத்துகிற ஊரே ஆளைக் கூப்பிடுகிறது, அதே ஊரின் அணி களத்தில் இறங்குகிறது, அதே ஊரின் பொருளாளர் காசு கொடுக்கிறார். இந்த மூன்றும் ஒரே கையில் இருக்கும்வரை நடுவர் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் அதை நிரூபிக்க வழி இல்லை.

வேறு விதமாகவும் நடத்தலாம் என்பதை நான் பார்த்தது துபாயில். நான்கு வருடம் அங்கே ஒரு விளையாட்டு மைதானத்தில் புல் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். அப்போது அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அன்றைக்கு ரக்பி ஆடுவார்கள். பிரிட்டன்காரர், நியூசிலாந்துக்காரர், தென்னாப்பிரிக்காக்காரர், எல்லாம் பேங்கிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்க்கும் ஆட்கள். சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் இல்லை. ஆளை ஆள் மோதி, கட்டிப்பிடித்துச் சாய்க்கும் ஆட்டம், நம் கபடிக்குச் சித்தப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடு போடும் வேலை என்னுடையது என்பதால் ஓரமாக நின்று நிறையப் பார்த்தேன்.

ஆறடி, நூறு கிலோ ஆட்கள், ஒல்லியான ஒரு நடுவரை ‘சார்’ என்று கூப்பிட்டார்கள். கேப்டன் மட்டும்தான் அவரிடம் பேசினான். வேறு யாராவது எதிர்த்துப் பேசினால் தண்டனை உதை எடுக்கும் இடத்தைப் பத்து மீட்டர் முன்னால் தள்ளிவிடுவார். எனக்கு முதலில் அதுதான் ஆச்சரியமாக இருந்தது. நம் விதிப்புத்தகத்திலும் பச்சை அட்டை, மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை இருக்கின்றன, மஞ்சளுக்கு இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். ஆனால் ஊர்க் களத்தில் மஞ்சள் அட்டையை வெளியே எடுக்க எனக்கு இன்னும் பயம்தான். அவருக்கு மட்டும் எப்படி அந்தத் தைரியம் என்று விசாரித்தபோதுதான் அந்த ஏற்பாடே புரிந்தது. அவரை அந்த இரண்டு அணியில் எதுவும் அழைத்துவரவில்லை.

இங்கிலாந்தில் இது பழைய வழக்கம். அங்கே ஊர் ரக்பி கிளப்புகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன, நடுவர்களுக்கு வட்டாரவாரியாகத் தனிச் சங்கங்கள் இருக்கின்றன. எந்த ஆட்டத்துக்கு யார் போவது என்பதைச் சங்கம் முடிவு செய்கிறது. கிளப்புகள் தங்கள் பங்குப் பணத்தைச் சங்கத்துக்குக் கட்டிவிடுகின்றன. நடுவர்களில் பெரும்பாலானோர் பயணச் செலவுக்கு மேல் எதிர்பார்ப்பதில்லை. ஆட்டக்காரர்களும் தங்கள் ஆட்டத்துக்குத் தாங்களே சந்தா கொடுத்து ஆடுகிறார்கள். 1995 வரை ரக்பி யூனியன் ஆட்டத்தில் ஆடுவதற்குக் காசு வாங்குவதே தடை செய்யப்பட்டிருந்தது, பெரிய நாட்டு அணிகளுக்கும் அதே விதிதான். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் நடுவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

அவர்களுக்கும் ஆள் பற்றாக்குறை உண்டு. கீழ்மட்ட ஆட்டங்களுக்கு எல்லாம் சங்கத்திலிருந்து ஆள் கிடைத்துவிடாது. அதற்கும் ரக்பி விதியிலேயே வழி எழுதியிருக்கிறார்கள். போட்டி நடத்தும் பொது அமைப்பு நடுவரை நியமிக்கும். அப்படி யாரும் நியமிக்கப்படாவிட்டால் இரண்டு அணியும் பேசி ஒருவரை ஒத்துக்கொள்ளலாம். அதிலும் ஒத்துவராவிட்டால் சொந்த ஊர் அணி ஒருவரை நியமிக்கும். இதைக் கேட்டபோது எனக்கு நம் ஊர்தான் ஞாபகம் வந்தது. அவர்கள் வேறு வழியே இல்லாதபோது போகும் மூன்றாவது படியில், நாம் முதல் படியாகவே போய் நின்றுகொண்டிருக்கிறோம். கோட்டோரம் கொடி பிடிக்க அணிக்கு ஒருவரைத் தரலாம் என்றும் அங்கே விதி இருக்கிறது, ஆனால் அவர்கள் காட்டுவதை நடுவர் ஏற்கலாம், தள்ளலாம். சொந்தக்காரனுக்குக் கொடி வரைக்கும்தான் இடம், விசில் அவன் கைக்குப் போவதில்லை.

இதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம்மிடம் வாராவாரம் நடக்கும் லீக் இல்லை, தடைக்காலத்தில் இரண்டு மாதம், அப்புறம் பொங்கல், சந்தனக்கூடு, கோயில் கொடை, மாதா திருவிழா என்று ஊர் விசேஷத்தை ஒட்டித்தான் ஆட்டம். ஆனால் பணத்தைக் கை மாற்றுவதற்கு லீக் வேண்டியதில்லை.

நான் கேட்பது இதுதான். வரும் சீசனிலிருந்து நுழைவுக் கட்டணத்தோடு ஒவ்வொரு அணியிடமும் 100 ரூபாய் ‘நடுவர் பணம்’ என்று தனியாக வாங்குங்கள். உள்ளூர் அணியும் கட்ட வேண்டும். 32 அணி என்றால் 3,200 ரூபாய். கமிட்டி தன் பங்காக இன்னொரு 1,000 போடட்டும். அந்தப் பணம் உள்ளூர்ப் பொருளாளர் கைக்குப் போகக் கூடாது. அன்றைக்கு அணி இறக்காத மூன்றாவது ஊரிலிருந்து ஒரு பெரியவரை உட்காரவைத்து அவர் கையில் கொடுங்கள். முதல் ஆட்டத்தின் முதல் விசிலுக்கு முன்னால், மைக்கில் அறிவித்து, எல்லா அணியின் கேப்டன்களும் பார்க்க, அவர் எங்களுக்குக் கொடுக்கட்டும். தூரத்துக்குத் தகுந்த பெட்ரோல் காசு தனி. அதற்குமேல் யாரும் கவர் வைக்கக் கூடாது, வைத்தால் நாங்கள் வாங்கக் கூடாது. இறுதி ஆட்டத்தில் நிற்கிறவருக்கும் முதல் ஆட்டத்தில் நிற்கிறவருக்கும் ஒரே தொகைதான். அன்றைக்கு அந்தக் கேப்டன் என்னைக் கேட்ட கேள்விக்கு, “நீ கட்டிய நூறு ரூபாயும் அதில் இருக்கிறது தம்பி” என்று நான் சொல்லியிருக்க முடியும்.

ஆளை அழைப்பதும் அப்படியே. பாக் ஜலசந்திப் பக்கம் போட்டி என்றால் மன்னார் வளைகுடாப் பக்கத்து ஆட்கள் வரட்டும், வளைகுடாப் பக்கம் நடந்தால் ஜலசந்திப் பக்கத்திலிருந்து வரட்டும். யார் வருகிறார் என்பதைப் போட்டி நடத்தும் ஊர் முடிவு செய்யாமல், இரண்டு மூன்று ஊர் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு பட்டியலில் முறைப்படி அடுத்திருப்பவர் வரட்டும். “வெளிய இருந்து வர்றவருக்கு நம்ம ஊர் ஆளுங்க குணம் தெரியாதே” என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். தெரியாமல் இருப்பதுதான் நல்லது ஐயா. அம்பயர் எந்த ஊர், எந்தத் தெரு, எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று நாம் முதலில் பார்க்கிறோம், அதற்குப் பிறகுதான் அவர் கை தூக்குவதைப் பார்க்கிறோம். இது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. நான் சொல்லிவிட்டேன்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். பந்தல், ஜெனரேட்டர், மண், சாப்பாடு என்று பரிசுப் பணத்துக்கே வீடு வீடாக ஏறி இறங்குகிறீர்கள். ஆனால் அதே சீசனில் வெளி மாவட்டத்திலிருந்து ஒரு ரெய்டரை ஒரு ராத்திரிக்கு 3,000 கொடுத்து இறக்கியதையும் நான் பார்த்திருக்கிறேன். அவன் ஆடியது நான்கு ஆட்டம். அன்றைக்கு முப்பத்தோரு ஆட்டத்திலும் குனிந்து நிமிர்ந்த மூன்று பேருக்கும் சேர்த்து அந்தத் தொகை போகவில்லை. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவன் உடம்பை வைத்துச் சம்பாதிக்கிறான். உங்கள் கணக்கு நோட்டில் எங்களுக்கென்று ஒரு வரி கிடையாது என்பதுதான் என் வருத்தம்.

இன்னொன்றும் இருக்கிறது, அது காசை விடப் பெரியது. டிவியில் புரோ கபடி வந்த 2014-க்குப் பிறகு பார்க்க வருகிறவர்கள் எல்லோருக்கும் விதி தெரியும். அது சந்தோஷம்தான். ஆனால் அங்கே ரிவ்யூ கேட்டால் பல கோணத்தில் படம் ஓட்டிப் பார்க்கிறார்கள். இங்கே ஒரு பையன் கூட்டத்திலிருந்து செல்போனில் எடுத்த வீடியோவை ஸ்கோர் மேசைக்கு முன்னால் வந்து நீட்டுகிறான், அவனுக்குப் பின்னால் நாற்பது பேர். அந்த இடத்தில் நிற்க இளவட்டங்கள் வருவதில்லை. நான் விசில் பழக்கிய மூன்று தம்பிகளில் இரண்டு பேர் விட்டுவிட்டார்கள். ஒருவனுடைய சட்டையை ஒரு ஊரில் கிழித்துவிட்டார்கள். அடுத்த போட்டிக்குக் கிளம்பியபோது அவன் அம்மா வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டார். மூன்றாமவன் மட்டும் இருக்கிறான். எனக்கும் அவனுக்கும் நடுவில் பதினெட்டு வயது வித்தியாசம். நடுவில் யாருமே இல்லை. என் முழங்கால் இன்னும் எத்தனை சீசன் தாங்கும் என்று தெரியவில்லை.

அதனால் பள்ளிக்கூடத்துப் பி.டி. சார்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். உங்கள் பிள்ளைகளில் உயரம் போதாது, எடை போதாது என்று அணியில் இடம் கிடைக்காதவர்கள் இருப்பார்கள். விதியை வரி வரியாகத் தெரிந்துவைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். ஸ்கோர் மேசையில் உட்காரவையுங்கள், அப்புறம் கோட்டோரம் நிறுத்துங்கள். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். போன வருடம் ஒரு பள்ளிப் போட்டியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஸ்கோர் எழுதினாள். அன்று முழுக்க ஒரு லோனாவைக்கூட, எதிரணி முழுவதும் வெளியேறினால் கிடைக்கும் கூடுதல் புள்ளியை, அவள் தவறவிடவில்லை. இரண்டு முறை என் தப்பை அவள்தான் விரல் காட்டித் திருத்தினாள்.

பங்குனி மாதக் கடைசி ஞாயிறு காலை பத்து மணிக்கு ராமநாதபுரத்தில் கூடலாம் என்று நாலைந்து ஊர்க்காரர்களிடம் பேசியிருக்கிறேன். தொண்டியிலிருந்தும் மூக்கையூரிலிருந்தும் வருகிறவர்களுக்கு அதுதான் நடு. இடத்தைப் போனில் சொல்கிறேன். ஊருக்கு ஒருவர் வந்தால் போதும், ஆனால் கணக்கு நோட்டு வைத்திருப்பவர் வாருங்கள், கேப்டன் மட்டும் வந்தால் வேலை முடியாது. தடைக்காலத்தில் உங்கள் ஊர்ப் போட்டி எந்தத் தேதி, எத்தனை அணி எதிர்பார்க்கிறீர்கள் என்று குறித்து எடுத்துவாருங்கள். எந்தத் தேதிக்கு எந்தப் பக்கத்து ஆட்கள் என்று அன்றைக்கே எழுதிவிடலாம்.

நோட்டீஸ் அச்சடிப்பவர்களுக்கு மட்டும் ஒரு சின்ன வேண்டுகோள். ஏழாவது வரி அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே எட்டாவதாக இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘நடுவர் பணம் அணிக்கு 100 ரூபாய், முதல் ஆட்டத்துக்கு முன் எல்லா அணிகளின் முன்னிலையில் வழங்கப்படும்.’

இப்படிக்கு,
உங்கள் களங்களில் நிற்கும் ஒரு அம்பயர்,
தங்கச்சிமடம்.